சமைக்கவே வேண்டாத விருந்து

"அம்மா, நீ ஒண்ணுமே செய்ய வேணாம். சீஸ் போர்டு வச்சிருவோம். ரொம்ப ஈஸி. அடுப்பே பத்த வைக்க வேணாம்."

பெங்களூரிலிருந்து என் மகன் போனில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை முடிந்து வெளியே வந்து "ரொம்ப ஈஸி டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகளின் விடைத்தாள்களைக் காலமெல்லாம் திருத்தி வருகிறேன். ஈஸி என்ற சொல் காதில் விழுந்தாலே கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

எனக்குத் தெரிந்திருக்காது என்று அவனே விளக்கினான். ஒரு பலகை. அதன் மேல் மூன்று நான்கு வகை சீஸ். சுற்றிலும் திராட்சை, அத்திப்பழம், முந்திரி, பிஸ்கட். ஓரத்தில் ஒரு கிண்ணம் தேன். வருகிறவர்கள் தாங்களே எழுந்து வந்து, தாங்களே வெட்டி, தாங்களே தட்டில் வைத்துக்கொண்டு, நின்றபடி பேசிக்கொண்டே சாப்பிடுவார்களாம். எங்கள் வில்லாபுரத்தில் நின்றபடி சாப்பிடுவது பானிபூரி வண்டிப் பக்கத்தில் மட்டும்தான். கல்யாண மண்டபத்திலும் நிற்பார்கள், ஆனால் அது சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால், எப்போது எழுந்து தொலைவார் என்று பார்த்துக்கொண்டு.

வரப்போகிறவர்கள் அவன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும். கோயம்புத்தூர்க்காரர்கள். அப்பாவுக்குப் பம்பு செட் தொழில். அவர் எப்போதோ சரி சொல்லிவிட்டார். அம்மாதான் இன்னும் தலையாட்டவில்லை.

"ஏன்டா, ஜாதகத்துல எதுவும் கோளாறா?" என்று கேட்டேன்.

"ஜாதகம்லாம் இல்லம்மா. மதுரைப் பக்கம் பொண்ணக் குடுத்தா, அப்புறம் அவள அடுப்படியில போய்த்தான் பாக்கணும்ங்கிறாங்களாம். அங்க ஆம்பளைங்க தண்ணி டம்ளரக்கூட எடுக்க மாட்டாங்கன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. அவங்க வேணாம்னா இவளும் வேணாம்னுருவாம்மா. அம்மா பேச்சத் தட்ட மாட்டா."

கடைசி வாக்கியத்தில் அவன் குரல் இறங்கிவிட்டது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பேசுவான். அந்தப் பெண் இல்லையென்றால் இவன் உடைந்துபோவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படிச் சொல்லி வைத்த அந்த யாரோவின் நாக்கில் சூடு வைக்க வேண்டும் போலிருந்தது. அத்தனையும் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏய் டீச்சர், அந்தத் தண்ணியக் கொஞ்சம் கொண்டா" என்று ஹாலிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். தண்ணீர்க் குடம் அவர் கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தது. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து போய் மொண்டு கொடுத்தேன். பொய் என்று சொல்வதைத் தள்ளிவைத்தேன்.

"அதுக்குத்தான் இந்தச் சீஸ் போர்டு" என்றான் மகன். "நீ அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. நல்ல சேலை ஒண்ணக் கட்டிக்கிட்டு ஹால்ல உக்காந்து பேசணும். அவங்க கெளம்புற வரைக்கும் எந்திரிக்கவே கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உட்காருவதற்கெல்லாம் சத்தியம் கேட்கிற வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்தேன். என் மாமியார் மூன்றாவது பஜ்ஜியைத் தின்றுகொண்டே உப்புக் கம்மி என்று குறை சொல்லி, அப்புறம் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார். இப்போது பார்க்க வருவது மாப்பிள்ளையை. நாடு எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் இந்தத் தடவையும் தயாரிப்பு வேலை என் தலையில்தான் விழுந்தது.

சமைக்க வேண்டாத அந்த விருந்துக்கான வேலை வியாழக்கிழமையே ஆரம்பித்தது. சீஸைக் கொடைக்கானலில் ஒரு கடையில் மகன் சொல்லி வைத்திருந்தான். அது பஸ்ஸில் வந்து ஆரப்பாளையத்தில் இறங்கியது. பழங்காநத்தத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் கணவர், கடையைப் பூட்டிவிட்டுப் போய்த் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மே மாதத்து மதியம். பெட்டிக்குள் வைத்திருந்த ஐஸ் வெந்நீராகியிருந்தது.

பிரிட்ஜில் இடம் வேண்டுமே. இட்லி மாவை வெளியே எடுத்தேன். சாயங்காலத்துக்குள் அது பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஆறாக ஓடியது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் மாடி வீட்டில் குடியிருக்கும் அம்மா இறங்கி வந்து, "டீச்சர், எங்கயோ எலி செத்துக் கெடக்குது போல. ஒங்க வீட்டுப் பக்கந்தான் நாத்தம் வருது" என்றார். பிரிட்ஜைத் திறந்து சீஸைக் காட்டினேன். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையா விருந்தாளிக்குக் குடுக்கப் போறீங்க? வேண்டாதவங்களா?" என்று கேட்டார். நான் பிரிட்ஜை மூடினேன். வருகிற அம்மாள் வேண்டாதவராகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

மூன்று சீஸ் வந்திருந்தது. மஞ்சளாகக் கட்டியாக ஒன்று. அதில் ஒரு குறையுமில்லை. இன்னொன்றின் மேலெல்லாம் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. மூன்றாவது உள்ளேயே நீலமாகப் பூத்துப் போயிருந்தது. இவ்வளவு விலை கொடுத்தும் பழசைத் தள்ளிவிட்டிருக்கிறானே என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, வெள்ளையை அரிவாள்மனை ஓரத்தில் வைத்துச் சுத்தமாகச் சுரண்டினேன். நீலத்தை ஊசியால் நோண்டி எடுத்தேன். கடலை உருண்டைக்குள் கல் பொறுக்குகிற மாதிரி ராத்திரிச் சாப்பாடு வரை அதே வேலை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கிய மகன் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, அந்தப் பூசணத்துக்குத்தாம்மா காசே!"

"அப்ப முன்னாடியே சொல்லியிருந்தா, மாவுப் பாத்திரத்துக்குள்ள ஓசியிலயே வளத்துக் குடுத்திருப்பேனே" என்றேன். அவனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அடுத்து பலகை. மரப்பலகையில் வைத்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும் என்றான். எங்கள் வீட்டில் இருக்கும் மரம் சப்பாத்திக் கட்டை ஒன்றுதான். "மரம் எதுக்குடா, கல்லுன்னா சில்லுன்னு இருக்கும், உருகாது" என்று என் கணவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வீட்டு விசேஷத்தில் அவர் எதையாவது ஏற்றுக்கொண்டாலே எனக்குப் பயம். கடைக்குப் பக்கத்தில் டைல்ஸ் விற்கிறவரிடம் அடுப்படி மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கருப்புக் கிரானைட் துண்டு ஒன்றை வாங்கி, ஓரமெல்லாம் பாலிஷ் போட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பேரையும் தேதியையும் செதுக்கினால் கல்லறையில் நட்டுவிடலாம். அப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முக்கி முனகி, ஹாலில் இருந்த டீபாய் மேல் இறக்கினார்கள். டீபாயின் கால்கள் கிரீச்சென்றன. சீஸுக்குக் காற்று வேண்டும் என்பதால் டீபாய் ஹாலின் நட்டநடுவில், ஃபேனுக்கு நேர் கீழே நின்றது. சோபா சுவரோரமாகப் போய்விட்டது. இனி அந்தக் கல்லை யாரும் அசைக்க முடியாது என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து நான் ஈஸியாக இருந்தேன். கம்பம் திராட்சையை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தேன். அத்திப்பழம் தேடி மாட்டுத்தாவணி வரை போய் வந்தேன். முந்திரியை நெய்யில் வறுத்தேன். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்ற திட்டம் அங்கேயே அடிபட்டுப் போனது. சீஸை வெட்டும் கத்தி வளைந்திருக்க வேண்டுமாம். இல்லாததால் பழக்கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். சீஸோடு கடித்துக்கொள்ள உப்பு பிஸ்கட் போதாது என்று தோன்றியதால் தட்டையும் சுட்டேன். மகன் எல்லாவற்றையும் கல்லின் மேல் பரப்பி, மேலிருந்து, கீழிருந்து, சாய்வாக என்று படமெடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இம்புட்டு டயர்டா இருக்க? போய் மொகத்தக் கழுவு. ரிலாக்ஸ்டா இருக்குற மாதிரி இரு" என்றான்.

நான்கு மணி வாக்கில் பெண்ணின் அப்பா போன் செய்து, சமயநல்லூர் தாண்டிவிட்டதாகச் சொன்னார். நான் பட்டுமில்லாத பருத்தியுமில்லாத ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு, ஹாலில் எனக்கென்று போட்டிருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். பகல் வெளிச்சத்தில் என் வீட்டு ஹாலை உட்கார்ந்தபடி பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒட்டடை நிறைய இருந்தது.

வந்தார்கள். கும்பிடுவதற்கு மட்டும் சத்தியத்துக்கு விலக்குக் கொடுத்து ஒரு நிமிடம் எழுந்து, கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பெண்ணின் அம்மா என் வயதுதான். அதிகம் பேசாத, எல்லாவற்றையும் பார்க்கிற கண். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கும்போது என் கண்ணும் அப்படித்தான் இருக்கும். கையோடு கொண்டுவந்த நேந்திரம் சிப்ஸையும் இனிப்புப் பெட்டியையும் எங்கே வைப்பது என்று பார்த்தார். டீபாயில் கல் இருந்ததால் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அங்கிள், ஆன்ட்டி, ஃப்ரீயா எடுத்துக்கோங்க" என்று மகன் கல்லைக் காட்டினான். தண்ணீர் பாட்டில்களும் அங்கேதான் நின்றன.

"இருக்கட்டுங்க தம்பி. வர்ற வழியிலதானுங்க சாப்பிட்டோம்" என்றார் பெண்ணின் அப்பா.

இதற்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்தவர் வேண்டாம் என்பார். வீட்டுக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தட்டில் வைத்துக் கையில் கொடுப்பார். அவர் தின்றுவிட்டுப் போதும் என்பார். இவர் இன்னொன்று வைப்பார். அவர் ஐயோ என்பார். இன்னும் ஒன்று விழும். தானாகக் கையை நீட்டி எடுத்துக்கொள்கிறவனைத் தின்ன அலைகிறவன் என்பார்கள். எடுத்துக்கொள் என்று வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவனைக் கஞ்சன் என்பார்கள். பரிமாறியே பழகியதால் எனக்கு இது தெரியும். பரிமாறப்பட்டே பழகிய என் மகனுக்கு, சாப்பாடு எப்படித் தட்டுக்கு வந்து சேர்கிறது என்று யோசிக்க இதுவரை சந்தர்ப்பம் அமையவில்லை. சாப்பிட்டோம் என்றார்களா, சரி, பசியில்லை போலிருக்கிறது என்று அவனும் உட்கார்ந்துவிட்டான்.

ஆக, ஐந்து பேர் சுவரோரமாக உட்கார்ந்து நடுவிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவரும் பெண்ணின் அப்பாவும் ஒற்றை ஃபேஸ் மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அப்புறம் மூன்று ஃபேஸ் மோட்டாரைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் மதுரை வெயிலைப் பற்றி எல்லோரும் பேசினோம். வெயிலுக்குள்ளிருந்து வந்தவர்கள் தொண்டை வறள உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் கையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நான் உட்கார்ந்திருந்தேன். என் கை நமநமத்தது. மெனக்கெட்டுச் சுரண்டிய வெள்ளைச் சீஸ், தோல் போன துக்கத்தில் இளகி, மெதுவாகத் திராட்சையை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது.

முதலில் என் கணவர் என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் எது நடக்காவிட்டாலும் அவர் பார்ப்பது என்னைத்தான். அப்புறம் மகன் பார்த்தான். கண்ணால் கல்லைக் காட்டினான், விருந்தாளிகளைக் காட்டினான், என்னைக் காட்டினான். எந்திரி என்கிறான். யாரிடம் சத்தியம் வாங்கினானோ அவளிடமே.

எனக்கு அப்போது வந்த கோபத்தில் நாற்காலியோடு சேர்த்து என்னைத் தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டேன். மூன்று நாள் ஓடியாடி வேலை பார்த்தது, நான் வேலையே பார்க்காதவள் என்று காட்டுவதற்கு. காட்டியும் ஆயிற்று. இனி அவர்கள் பாடு என்று சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "நீங்க எந்திரிக்க மாட்டீங்களாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எந்திரிக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"யாரு உத்தரவு?"

நான் மகனைக் காட்டினேன். வாய் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "நான் அடுப்படியில கெடக்கலன்னு நீங்க பாக்கணுமாம். அதுக்காக வியாழக்கெழமையில இருந்து அடுப்படியில கெடக்குறேன்."

மகன் முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். போச்சு, பிள்ளையின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று ஃபேஸ் மோட்டார்கூட அப்போது உதவிக்கு வரவில்லை.

அந்த அம்மாள் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "சரிங்க. அம்மா எந்திரிக்க மாட்டாங்க. அப்ப இந்த வீட்டுல யாருங்க எடுத்துக் குடுப்பாங்க?" என்று கேட்டார். பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் பார்த்தது மகனை.

அவன் எழுந்தான். எழுந்தவனுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிறகு பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றிக் கொடுத்தான்; பாதி தரையில் போனது. தட்டு எங்கே என்று என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவனே அடுப்படிக்குள் போனான். பாத்திரங்கள் உருளும் சத்தம் நெடுநேரம் கேட்டது. இத்தனை வருடமாக அவன் சாப்பிட்ட தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டு வந்தான்.

ஒவ்வொரு தட்டிலும் மூன்று சீஸையும் வெட்டி வைத்தான். கத்தி வழுக்கியது. திராட்சை ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டு போனது. மஞ்சள் துண்டு செங்கல் மாதிரியும் நீலம் தூள் தூளாகவும் வந்தது. பெண்ணின் அப்பாவுக்குக் கொடுத்தான், அம்மாவுக்குக் கொடுத்தான், தன் அப்பாவுக்குக் கொடுத்தான். கடைசியில் என்னிடம் வந்தான். தட்டில் ஒரு தட்டையும் அதன் மேல் ஒரு துண்டு சீஸும் வைத்து என் கையில் கொடுத்தான். அவன் விரலிலெல்லாம் சீஸ் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாப்பிட்டேன். உப்பாக இருந்தது, நெடியடித்தது, என்னை அறியாமல் பிடித்தும் இருந்தது. அடுத்த துண்டைக் கத்தியில் எடுத்தான்.

"போதும்ப்பா" என்றேன்.

அவன் சரியென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

"தம்பி" என்றார் அந்த அம்மாள். "போதும்னு சொன்னா இன்னொன்னு வெக்கோணுங்க. உங்கம்மாவுக்கு இந்த வீட்டுல இதுவரைக்கும் யாருமே எடுத்து வெச்சதில்லீங்களா?"

என் கணவர் ஃபேனைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் தட்டைப் பார்த்தார். வைத்ததில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வைத்திருக்கிறார்கள் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை, என் வீட்டில் குறை காண வந்தவர் கேட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. விருந்தாளிகள் முன்னால் அழக்கூடாது என்று மீதித் தட்டையைக் கடித்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னால நல்லாப் பழகிக்கட்டுங்க" என்று அவரே தொடர்ந்தார், மடியிலிருந்த இனிப்புப் பெட்டியைப் பிரித்தபடி. "எம் பொண்ணும் வாய் தொறந்து கேக்க மாட்டா. போதும் போதும்னுதான் சொல்லுவா."

கல்யாணத்துக்கு என்று அவர் சொன்னது மகனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. உறைத்ததும் கத்தியை எடுத்தான். கல்லிலிருந்த சீஸிலேயே பெரிய துண்டாக வெட்டி, தேன் ஒழுக ஒழுகக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தான். அப்புறம் இன்னொன்று. அதற்கு மேல் திராட்சை.

நான் போதும் என்று சொல்லவில்லை.